மாத ஊசியும் நீர்க்குளிசையும்: கண்டியில் ஒழுகும் வால்வின் மருந்து வரலாறு

என்னிடம் ஒரு கிளினிக் கொப்பி இருக்கிறது. பிரவுண் தாள் உறை போட்ட சாதாரணப் பாடசாலைக் கொப்பி. என் தாத்தாவுடையது. (வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கண்டிப் பக்கத்து முஸ்லிம்கள் நாங்கள் மூத்த சகோதரியைத்தான் தாத்தா என்போம்.) 1969இல் தாத்தாவுக்குப் பதினொரு வயது. தொண்டை நோவு வந்து போய் மூன்று கிழமையில் முழங்கால் வீங்கியது. இரண்டு நாளில் அது வற்றிக் கணுக்காலுக்கு இறங்கியது, பிறகு மணிக்கட்டுக்கு ஏறியது. உம்மா தண்ணீர் ஓதிக் கொடுத்தார், எண்ணெய் போட்டு உருவினார். காய்ச்சல் இறங்காததால் வாப்பா கண்டி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, மாதத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி என்று எழுதினார்.

அந்த ஊசிகளின் கணக்குத்தான் கொப்பி. ஒரு திகதி, பக்கத்தில் ஒரு சின்னக் கையொப்பம். இப்படித் தொண்ணூறுக்குக் கிட்ட வரிகள். 1977 மார்ச்சில் ஒரு கையொப்பம் இருக்கிறது. அதற்கு அடுத்த வரி 1979 ஓகஸ்ட். இடையில் இருபத்தொன்பது மாதங்கள் காலி. வரலாறு எழுதுகிறவன் ஆவணத்தில் இருப்பதைப் போலவே இல்லாததையும் வாசிக்க வேண்டும் என்பார்கள். இக்கட்டுரை அந்தக் காலி இடத்திலிருந்து தொடங்கியது.

முதலில் நோயைப் பற்றி. இதயத்தின் நான்கு அறைகளுக்கும் வாசல்கள் உண்டு. இரத்தம் முன்னால் போகத் திறந்து, பின்னால் வராமல் மூடும் கதவுகளே வால்வுகள். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைற்றல் வால்வுக்கு இரண்டு இதழ்கள். இதயத்திலிருந்து உடம்புக்குப் போகும் பெருங்குழாயின் வாசலிலுள்ள அயோட்டிக் வால்வுக்கு மூன்று. இவை சரியாக மூடாவிட்டால் இரத்தம் திரும்பிக் கசியும். நம் ஆட்கள் இதை "வால்வு லீக்" என்கிறார்கள், சரியான சொல்தான். இதயம் அடிக்கிற ஒவ்வொரு அடியிலும் ஒரு பங்கு வீணாகிறது. அந்த வீணையும் சேர்த்து அடிக்க வேண்டியிருப்பதால் இதயம் பெருக்கிறது, பிறகு களைக்கிறது. நுரையீரலில் நீர் தேங்கி இளைப்பு வருகிறது, கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது.

கசிவுக்குக் காரணங்கள் பல. முதுமையில் இதழ் தளர்வதும் ஒன்று. ஆனால் எம்மைப் போன்ற நாடுகளில் சிறுவயதினரின் வால்வைக் கெடுத்த பெரும் காரணம் மூட்டுவாதக் காய்ச்சல். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமி தொற்றுகிறது. அதை எதிர்க்க உடம்பு எழுப்பும் படை, ஆள் மாறித் தன் சொந்த மூட்டையும் இதயத்தையும் தாக்குகிறது. மூட்டு தழும்பின்றி ஆறிவிடும். வால்வின் இதழ் அப்படி ஆறுவதில்லை, தடிக்கிறது, சுருங்குகிறது. இன்னொரு முறை தொண்டை நோவு வந்தால் இன்னொரு அடி. பலர் நெருங்கிப் படுக்கும் வீடுகளில் இக்கிருமி சுலபமாகப் பரவும். தோட்டத்து லயன் காம்பறாக்களையும், மஹியாவை போன்ற நகரத்துக் குடியிருப்புகளையும், ஒரே கூரையின்கீழ் மூன்று குடும்பம் இருந்த எங்கள் வீட்டையும் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "லீக்கை அடைக்க ஒரு குளிசை இல்லியா டொக்டர்?" உம்மாவும் கேட்டார். இல்லை என்பதே அன்றும் இன்றும் பதில். மருந்துகள் வேறு வேலைகளைச் செய்கின்றன. அவை எவை, எம் கைக்கு எப்படி வந்தன என்பதுதான் இங்கு சொல்ல வந்த கதை.

கண்டியில் மருந்துக்கும் முஸ்லிம்களுக்குமுள்ள உறவு பழையது. கண்டி மன்னரின் அரசில் பெஹெத்கே என்றொரு அரச மருந்தகம் இருந்தது. கேகாலைப் பக்கம் கெட்டபேரியவைச் சேர்ந்த கோபால பரம்பரை என்ற முஸ்லிம் வைத்தியக் குடும்பத்தினர் அரச வைத்தியர்களாகப் பணிபுரிந்தனர். 1760இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனுக்கு எதிராக நடந்த சதியை மன்னருக்கு அறிவித்தவர் கோபால முதலி என்பது இலங்கை முஸ்லிம் வரலாறு படித்தோர் அறிந்த செய்தி. இன்னும் பின்னால் போனால் இப்னு ஸீனா இதய மருந்துகளுக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். 1288இல் மறைந்த இப்னு நபீஸ், இதயத்தின் வலது கீழறையிலுள்ள இரத்தம் நடுச்சுவரின் துவாரங்கள் வழியாக இடப்பக்கம் போவதில்லை, நுரையீரல் சுற்றியே போகிறது என்று எழுதிவைத்தார். எமது சஞ்சிகைகளில் மருத்துவக் கட்டுரை என்றால் பெரும்பாலும் இந்த இருவரிடம் தொடங்கி இந்த இருவரிடமே முடிந்துவிடுகிறது. பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அங்கிருந்து கண்டி கிளினிக் வரிசை வரைக்கும் வரும் எழுநூறு வருடங்களையும் யாராவது எழுதத்தானே வேண்டும்?

அந்த எழுநூறு வருடங்களில் பெரும்பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில வைத்தியர், டிஜிட்டாலிஸ் என்ற செடியின் இலை உடம்பில் சேர்ந்த நீரை இறக்குவதைப் பற்றி நூல் வெளியிட்டார். அதை அவருக்குக் காட்டிக்கொடுத்தது ஷ்ரொப்ஷயர் பகுதியின் ஒரு கிழவியின் குடும்பக் கைமருந்து. கிழவியின் பெயர் வரலாற்றில் உறுதியாக நிற்கவில்லை, விதரிங்கின் பெயர் நிற்கிறது. 1930இல் சிட்னி ஸ்மித் இன்னொரு வகை டிஜிட்டாலிஸ் இலையிலிருந்து டிகொக்சினைப் பிரித்தெடுத்தார். இதயத் துடிப்பு தாறுமாறாகி விரையும்போது அதை அடக்கிவைக்க இன்றும் உதவுகிறது. அளவு சற்றுக் கூடினாலும் நஞ்சு. ஆகவே "அந்த சின்னக் குளிசைய ரெண்டாப் போட்டா சீக்கிரம் சுகமாகும்" என்று நினைப்பது ஆபத்து.

1960களின் நடுப்பகுதியில் புரூசமைட் வந்தது. லேசிக்ஸ் என்ற வணிகப் பெயரில் பலரும் அறிவர். எங்கள் வீட்டில் அதன் பெயர் மூத்திரக் குளிசை. சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் வெளியேற்ற வைத்து, நுரையீரலில் தேங்கிய சுமையை இறக்குகிறது. நான் கண்ணால் கண்டது: இரவெல்லாம் தலையணை மூன்று வைத்துச் சாய்ந்தே இருந்த தாத்தா, ஊசியாக அதை ஏற்றிய அன்று விடியும்போது மல்லாந்து படுத்துத் தூங்கினார். சுகமாகிவிட்டது என்று வாப்பா அன்று ஸதக்கா கொடுத்தார். ஆனால் வால்வு அப்படியேதான் இருந்தது. நிலத்தில் நின்ற தண்ணீரைத் துடைத்திருந்தார்கள், கூரை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

கசிவையே குறைக்க மருந்தால் முடியாதா என்று ஆராய்ச்சியாளர்கள் முயலாமல் இல்லை. தர்க்கம் நேரானது. இரத்தக் குழாய்களை விரித்து எதிரிலுள்ள அழுத்தத்தைக் குறைத்தால், இரத்தம் பின்னால் கசிவதைவிட முன்னால் போவது எளிதாகும். 1994இல் அயோட்டிக் வால்வு கடுமையாகக் கசியும், ஆனால் இன்னும் அறிகுறி வராத 143 பேரை வைத்து இத்தாலிய ஆய்வு ஒன்று வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு நிபெடிபின், மற்றவர்களுக்கு டிகொக்சின். ஆறு வருடத்தில் வால்வு மாற்ற வேண்டி வந்தது டிகொக்சின் பக்கத்தில் 34 வீதம், நிபெடிபின் பக்கத்தில் 15 வீதம். இந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவர் பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் பெயர்பெற்ற இதய மருத்துவர் ஷஹ்புத்தீன் ரஹீம்தூலா. இப்னு நபீஸோடு நின்றுவிடும் எம் கட்டுரையாளர்கள் இவர் பெயரையும் குறித்துக்கொள்ளலாம்.

உலகெங்கும் டொக்டர்மார் நிபெடிபின் எழுதத் தொடங்கினார்கள். 2005இல் பார்சிலோனாவிலிருந்து அடுத்த ஆய்வு வந்தது. இம்முறை 95 பேர், மூன்று கூட்டம்: நிபெடிபின், எனலாப்ரில், எதுவுமில்லை. ஏழு வருடம் தொடர்ந்ததில் எதுவும் குடிக்காதவர்களில் 39 வீதம், நிபெடிபின் குடித்தவர்களில் 41 வீதம், எனலாப்ரில் குடித்தவர்களில் 50 வீதம் பேருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. பயனில்லை என்பதே முடிவு. இன்று பிரஷர் இருப்பவர்களுக்கும், இதயம் பலவீனப்பட்டவர்களுக்கும், சத்திரசிகிச்சைக்குப் போக முடியாதவர்களுக்கும் இந்த வகை மருந்துகள் கொடுபடுகின்றன. சும்மா கசிவு இருக்கிறதென்பதற்காகக் கொடுத்துச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடலாம் என்ற நம்பிக்கை போய்விட்டது. பத்திரிகையில் வரும் "வால்வு அடைப்பு மூலிகை" விளம்பரங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு ஆய்வும்தான் ஞாபகம் வரும். நல்ல மருந்து, நல்ல தர்க்கம், முதலாவது ஆய்வில் வெற்றி. இரண்டாவது தடவை நிற்கவில்லை.

ஆனால் ஒரு மருந்து நின்றது. அதுதான் கொப்பியிலுள்ள ஊசி.

பென்சதீன் பெனிசிலின் 1950களின் தொடக்கத்தில் வந்தது. சாதாரணப் பெனிசிலின் சில மணிநேரத்தில் உடம்பிலிருந்து போய்விடும். இது தசைக்குள் தேங்கி வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கரையும். மூன்று அல்லது நான்கு கிழமைக்கொரு தடவை போட்டால் தொண்டைக் கிருமி மறுபடி தங்க இடமிராது. காய்ச்சல் மறுபடி வராவிட்டால் வால்வுக்கு மறுபடி அடி விழாது. கெட்ட வால்வை இது திருத்தாது. மேலும் கெடாமல் காக்கும். 2022இல் உகண்டாவில் நடந்த ஆய்வின் முடிவு வெளியாகியது: ஸ்கானில் மட்டும் தெரியக்கூடிய ஆரம்ப நிலை வால்வு நோயுள்ள 818 பிள்ளைகள். மாத ஊசி போட்டவர்களில் இரண்டு வருடத்தில் நோய் முற்றியது 0.8 வீதத்தினருக்கு. போடாதவர்களில் 8.2 வீதம். பத்து மடங்கு.

ஊசி கடுமையாக நோகும். பிட்டத்தில் ஈயத்தை ஊற்றியதுபோல் இருக்கும் என்பார் தாத்தா. அன்று பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்து வருவார். விலையோ மிகக் குறைவு. அந்தக் குறைந்த விலையே ஒரு பிரச்சினை. இலாபம் சொற்பமானதால் உலகில் சில நிறுவனங்களே இதன் மூலப்பொருளைச் செய்கின்றன. கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் பல நாடுகளில் தட்டுப்பாடு வந்தது. ஏழைகளின் மருந்து என்றால் அதன் விதியும் ஏழைகளின் விதிதான்.

இந்த இடத்தில் கண்டிக்கே உரிய ஒரு மனிதரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பேராசிரியர் சேனக பிபிலே. 1920இல் பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரியின் மாணவர். இந்நாட்டின் முதலாவது மருந்தியல் பேராசிரியர். 1962இல் பேராதனையில் இரண்டாவது மருத்துவபீடம் உருவானது. பின்னர் அதன் பீடாதிபதியாக வந்தார். இடதுசாரி, லங்கா சமசமாஜக் கட்சிக்காரர்.

அவர் கேட்டது எளிய கேள்வி. ஒரே மருந்து பத்துப் பெயரில், பத்து விலையில் ஏன் வர வேண்டும்? லேசிக்ஸ் என்ற பெயருக்குள் இருப்பது புரூசமைட்தானே. அதை எங்கு மலிவோ அங்கு வாங்கித் தரத்தைப் பரிசோதித்து, புரூசமைட் என்றே எழுதிக் கொடுத்தால் என்ன? 1950களின் பிற்பகுதியிலேயே அரச வைத்தியசாலைகளுக்கென மருந்துக் கையேடு ஒன்றை உருவாக்கும் பணியில் அவர் முன்னின்றார். 1971இல் கலாநிதி எஸ்.ஏ. விக்கிரமசிங்ஹவுடன் சேர்ந்து அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதே வருடம் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. அவரே முதல் தலைவர். 1972 முதல் படிப்படியாகத் தனியார் துறையின் மருந்து இறக்குமதியும் அதன் கைக்கு வந்தது. சந்தையிலிருந்த சுமார் 2,100 மருந்துகள் 600 அளவுக்குச் சுருங்கின. உலகளாவிய கேள்விமனு கோரி, மூலப்பெயரில் கொள்வனவு நடந்தது. சந்தையை அடைத்திருந்த பெயர்க் காடு வெட்டப்பட்டபோதுதான் தேவையான மரங்கள் எவை என்று தெரிந்தன.

எதிர்ப்பு இல்லாமலில்லை. மருந்துக் கம்பனிகள் எதிர்த்தன, டொக்டர்மாரில் ஒரு பகுதியினரும் எதிர்த்தனர். சனங்களும் உடனே ஏற்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் வாப்பாவின் தேத்தண்ணிக் கடையில் 1973, 74இல் காதில் விழுந்த பேச்சு இது: "கவர்மெந்து மருந்து. கலர் மட்டும் இருக்கி, காரம் இல்ல." பெட்டி மாறியதும் மருந்தே மாறிவிட்டதென்று நினைத்தார்கள். வாப்பாவும் அப்படித்தான் நினைத்தார். வட்டிக்கு வாங்கியாவது 'ஒரிஜினல்' எடுக்க வேண்டும் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. இன்றும் பாமசியில் "நல்லது தாங்க" என்று கேட்டு, அதே மருந்துக்கு மூன்று மடங்கு கொடுப்பவர்களைப் பார்க்கிறேன்.

1977இல் ஆட்சி மாறியது. இறக்குமதி மீண்டும் தனியாருக்குத் திறக்கப்பட்டது. அதே வருடம் செப்டெம்பரில், ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியில் கயானாவிலிருந்தபோது பிபிலே காலமானார். அதே வருடம்தான் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. இருநூறு அளவிலான மருந்துகள், எல்லாம் மூலப்பெயரில். டிகொக்சினும் புரூசமைட்டும் பென்சதீன் பெனிசிலினும் அதில் உண்டு. சட்டமாக அவரது கொள்கையின் ஒரு பகுதி இந்நாட்டுக்குத் திரும்பி வர 2015 வரை, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கூட்டுத்தாபனம் மட்டும் அழியவில்லை. ஒசுசலைகளில் இன்றும் வரிசை நிற்கிறது.

அந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2022 காட்டியது. டொலர் இல்லாமல் மருந்து வராமற்போய், மார்ச் இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலையில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. பிபிலே பீடாதிபதியாக இருந்த அதே பேராதனையில். அப்போது கொழும்பு வந்திருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியைக் கண்டு உதவ முன்வந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த மாதங்களில் மூத்திரக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்தார். யாரும் சொல்லாமல் தானாகவே.

இனிக் காலியாக உள்ள இருபத்தொன்பது மாதத்துக்கு வருகிறேன். ஊசி இல்லாமற் போனதால் அல்ல. இருந்தது, இலவசமாக. காசும் பிரச்சினை இல்லை, பஸ் காசு வாப்பாவிடம் இருந்தது. 1977இல் தாத்தாவுக்குப் பத்தொன்பது வயது. கலியாணம் பேசத் தொடங்கியிருந்தார்கள். "மாசா மாசம் புள்ளய பெரியாஸ்பத்திரிக்கிக் கூட்டிப் போறத ஊரு பார்க்குது. என்ன வருத்தம் எண்டு கேக்கிறாங்க" என்றார் பெரியம்மா. வீட்டில் கூடிப் பேசினார்கள். அவரும் பார்க்க நன்றாகத்தான் இருந்தார், இளைப்பு இல்லை, மூட்டு வலி இல்லை. ஊசி நிறுத்தப்பட்டது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வயது பதினாறு. எதிர்த்து ஒரு சொல் சொன்னதாக ஞாபகமில்லை.

கலியாணம் நடந்தது, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமலே. 1979இல் தொண்டை நோவு, காய்ச்சல். கர்ப்பமாகவும் இருந்தார். ஐந்தாம் மாதத்தில் இளைப்பு. ஓகஸ்டில் மீண்டும் கொப்பி திறக்கப்பட்டபோது டொக்டர் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதியிருக்கிறார். முன்பு இலேசாக இருந்த கசிவு இப்போது பெரிது என்பது அதன் பொருள். பிள்ளை தங்கவில்லை.

கொழும்புக்குப் போய் வால்வு மாற்றலாம் என்று பிறகு சொன்னார்கள். பன்றியின் வால்வைத்தான் வைப்பார்களாம் என்று ஊரில் ஒரு கதை பரவியது. உலோக வால்வும் உண்டு, அதற்கு ஆயுள் முழுதும் வொபரின் குளிசை குடித்து இரத்தத்தைச் சோதித்துவர வேண்டும் என்பதெல்லாம் கேட்டால் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை. நிர்ப்பந்த நிலையில் மார்க்கத்தின் தீர்ப்பு என்ன என்று ஓர் ஆலிமிடமும் போகவில்லை. கதையை நம்பியது இலகுவாக இருந்தது. தாத்தா பதினேழு வருடம் டிகொக்சினும் புரூசமைட்டும் குடித்து வாழ்ந்தார். 1996இல், முப்பத்தெட்டு வயதில் மௌத்தானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும்.

நோன்பு மாதத்தில் அந்தக் குளிசையோடு அவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஸஹரில் குடித்தால் பகலெல்லாம் தாகம், மயக்கம். நோன்பு திறந்து குடித்தால் தராவீஹில் நிற்க முடியாது, நான்கு தடவை வெளியே போக வேண்டும். ஆகவே நோன்புக்கு முப்பது நாளும் குளிசையை விட்டுவிடுவார். பெருநாளைக்குக் கால் வீங்கியிருக்கும். நோயாளிக்கு விலக்களித்து, ஈடு செய்யும் வழியையும் அல்குர்ஆனே காட்டியிருக்கிறது. ஆனாலும் நோன்பை விடுவது பெரிய வெட்கமாக எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இருந்தது, அதைத் தீர்க்க எந்த ஆணும் முன்வரவில்லை. நேரத்தை மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று நோன்புக்கு முன்பே டொக்டரிடம் கேட்கலாம் என்பதும் யாருக்கும் தோன்றவில்லை.

போன வருடம் எங்கள் குடும்பத்திலேயே இன்னொரு பிள்ளைக்கு, பன்னிரண்டு வயது, இதே காய்ச்சல். இன்று கண்டியிலேயே இதய ஸ்கான் இருக்கிறது. கசிவு இலேசானது என்றார்கள். மாத ஊசி தொடங்கியது. ரமழானில் ஊசித் தினம் வந்தபோது அதன் உம்மா எனக்குக் கோல் எடுத்தார். "மாமா, ஊசி போட்டா நோன்பு முறியுமாம் எண்டு சொல்றாங்க. பெருநாள் முடிஞ்சி போடவா?" உணவாக அமையாத, தசையில் போடும் ஊசி நோன்பை முறிக்காது என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1997இல் தீர்மானித்திருப்பதைச் சொன்னேன். தாத்தாவின் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் காலிப் பக்கத்தைக் காட்டினேன். மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.